சிகரெட்டுக்கு நெருப்பு! பிழைப்புக்கு?

சீமான்களின் கார்களிலே சிகரெட் பற்றவைக்க ஒரு துளை வைத்தார்கள். அழுத்தினால் சுருள் பழுக்கும். எடுத்துத் தொட்டால் சிகரெட் புகையும். அதற்கென்று பாட்டரியிலிருந்து கம்பி இழுத்தார்கள், ஃப்யூஸ் வைத்தார்கள். புகைக்க விரும்பியவனுக்கு அத்தனை உபசாரம்! இன்று அதே துளையிலேதான் கைப்பேசிச் சார்ஜரைச் செருகுகிறோம். சொகுசுக்கென வந்த துளை, தேவைக்குப் பயன்படுகிறது. மகிழ்ச்சிதான். ஆனால், வண்டி ஓட்டியே வயிறு வளர்க்கும் தோழனின் வண்டியிலே நிலைமை என்ன?

ஆட்டோ ஓட்டும் தோழரைக் கேளுங்கள். சவாரி வருவது கைப்பேசியிலே. வழி தெரிவது கைப்பேசியிலே. கூலி வந்து சேருவதும் கைப்பேசியிலே! உணவுப் பொட்டலம் சுமந்து ஓடும் இளைஞருக்கும் அதுதான் கதி. உழவனுக்கு ஏர், நெசவாளிக்குத் தறி, இவர்களுக்குக் கைப்பேசி. மாலை ஆறு மணி. சவாரி சூடு பிடிக்கும் வேளை. திரையிலே சிவப்புக் கோடு, ஐந்தே சதவிகிதம்! அது அணைந்தால் திரை மட்டுமா அணைகிறது? வீட்டிலே அடுப்பும் அல்லவா அணைகிறது!

“வண்டியில்தான் சார்ஜ் பாயிண்ட் இருக்கிறதே” என்பார்கள். பல வண்டிகளில் அதுவும் இல்லை. இருக்கும் இடத்திலோ, பெரும்பாலும் பழைய பாயிண்ட். அதன் வலிமையைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

யு.எஸ்.பி. என்ற முறை 1996இல் வந்தது. கணினிக்கு விசைப்பலகையும் சுட்டியும் இணைக்க வந்த முறை அது. 5 வோல்ட், அரை ஆம்பியர், ஆக 2.5 வாட். இன்றைய கைப்பேசியில் 5,000 மில்லி ஆம்பியர்-மணி பாட்டரி இருந்தால், அதை நிரப்ப ஏறத்தாழ 19 வாட்-மணி மின்சாரம் வேண்டும். அந்தப் பழைய அளவிலே ஊற்றினால், கைப்பேசியைத் தொடாமல் வைத்திருந்தாலும் எட்டு மணி நேரம் ஆகும்! தோழரோ அதைத் தொடாமல் வைத்திருக்க முடியாது. வெயிலுக்கு ஈடுகொடுத்துத் திரை பளிச்சென்று எரிய வேண்டும். வழிப்படம் ஓட வேண்டும். ஒரு கை ஊற்ற, மறு கை இறைக்கிறது. ஓட்டைப் பானை எப்போது நிரம்பும்?

விஞ்ஞானம் இதற்கு வழி காட்டாமல் இல்லை. 2014இல் டைப்-சி வந்தது. ‘பவர் டெலிவரி’ என்ற முறையிலே சார்ஜரும் கைப்பேசியும் தமக்குள் பேசி முடிவு செய்கின்றன. 5 வோல்ட் போதுமா, 9 வோல்ட் தாங்குமா என்று கேட்டறிந்து கொடுக்கின்றன. 2021இல் இந்த முறையின் உச்சவரம்பு 240 வாட்டாக உயர்ந்தது. கைப்பேசிக்கு அத்தனை வேண்டாம். 20 வாட் போதும்.

“பாட்டரி தாங்குமா?” என்று சிலர் பயமுறுத்துவர். காரின் ஹாலஜன் ஹெட்லைட் பல்பு ஒன்று 55, 60 வாட் குடிக்கிறது. அதில் மூன்றில் ஒரு பங்குதான் நாம் கேட்பது. விலை உயர்ந்த சில கார்களிலே பின்னிருக்கைக்கே 45 வாட் பாயிண்ட் வைக்கிறார்கள். சாய்ந்து உட்கார்ந்து படம் பார்ப்பவருக்கு 45. நிமிர்ந்து உட்கார்ந்து உழைப்பவருக்கு 2.5! இதுதான் நியாயமா?

கொடுக்காதபோது பாட்டாளி என்ன செய்கிறான்? ஹாரன் கம்பியைச் சுரண்டி, மலிவுச் சார்ஜரை முடிச்சுப் போட்டு மாட்டுகிறான். ஃப்யூஸ் இல்லை, தக்க கனத்தில் கம்பி இல்லை. ஒரு நாள் கம்பி உருகுகிறது, வண்டி கருகுகிறது. பழி மட்டும் அவன் தலையிலே! அவனுக்கு வேறு வழி வைத்தவர் யார் என்று நாம் கேட்கிறோம்.

கைப்பேசி அவனுடையது, வண்டி அவனுடையது, எண்ணெய்ச் செலவு அவனுடையது. செயலி நடத்தும் கம்பெனிக்கோ கமிஷன், அல்லது கட்டணம். கருவிக்கு உயிரூட்டும் சில நூறு ரூபாய்ச் செலவையாவது கம்பெனி ஏற்றாலென்ன?

உழைப்பவனின் கருவியைப் பற்றிக் கவலைப்படுவது நமது இயக்கத்துக்குப் புதிதல்ல. மனிதனை மனிதன் இழுத்த கை ரிக்‌ஷாவை ஒழித்து, 1973இல் சைக்கிள் ரிக்‌ஷா வழங்கியது கலைஞர் ஆட்சி. இணையவழித் தொழிலாளர்களுக்கென நல வாரியம் 2023இல் தமிழகத்திலே அமைந்தது. அந்தப் பாதையிலே இதுவும் ஓர் அடி. சிறிய அடி, ஆனால் தேவையான அடி.

ஆகவே நாம் வலியுறுத்துகிறோம்: ஆட்டோ, சரக்கு வண்டி, வாடகைக் கார் எதுவாயினும், விலை குறைந்த ரகத்திலும் 20 வாட்டுக்குக் குறையாத டைப்-சி பாயிண்டை, தனி ஃப்யூஸுடன் தயாரிப்பாளர்களே பொருத்தித் தரட்டும். ஓடிக்கொண்டிருக்கும் பழைய வண்டிகளுக்குச் செயலிக் கம்பெனிகள் செலவை ஏற்கட்டும். நல வாரியம் அதனைக் கேட்டு வாங்கித் தரட்டும்.

தொழிற்சங்கத் தோழர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஸ்டாண்டுதோறும் தேர்ந்த எலக்ட்ரீஷியனை அழைத்து ஒரு நாள் முகாம் நடத்துங்கள். சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் வரும்படி இணைக்கச் சொல்லுங்கள். இரவிலே பாட்டரி வடியாது. லாரியிலே 24 வோல்ட். அதற்குத் தாங்கும் சார்ஜரையே மாட்டுங்கள். கைப்பேசியை நேர்வெயிலில் மாட்டாதீர்கள். சூடேறினால், எத்தனை வாட் கொடுத்தாலும் அது ஏற்க மறுக்கும்.

நாம் கேட்பது சலுகையல்ல. உழைக்கும் கைக்கு உரிய கருவி. புகைக்கு நெருப்புத் தந்த வண்டி, உழைப்புக்கு மின்சாரம் தரட்டும்!