ஸ்கேனில் தெரியாத வலி

முதுகுவலிக்கு அமிட்ரிப்டிலின் எழுதிக்கொடுத்தால், மருந்துக்கடைக்காரர் முதலில் சீட்டைப் பார்ப்பார், அப்புறம் நம் முகத்தைப் பார்ப்பார். "டிப்ரஷன் மாத்திரைம்மா இது" என்று சொல்லவும் செய்வார். அந்த ஒரு வார்த்தையில் மனசு சுருண்டுவிடும். உனக்கு வலி இல்லை, எல்லாம் உன் நினைப்புதான் என்று வீட்டிலும் வேலையிலும் கேட்டுக் கேட்டு அலுத்தவளுக்கு, டாக்டரும் அந்தப் பக்கம் சேர்ந்துவிட்டார் என்றுதான் தோன்றும். நாள்பட்ட வலிக்காரர்கள் பலர் அந்த மாத்திரையைப் பிரிக்காமலே வைத்துவிடுவது இதனால்தான்.

அந்தச் சீட்டுக்கு வேறு பொருள் இருக்கிறது. 1965இல் வலி ஆய்வாளர்கள் ரொனால்ட் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும், வலிச் செய்தி தண்டுவடத்தில் ஒரு கதவைத் தாண்டித்தான் மூளைக்குப் போகிறது என்றார்கள். அந்தக் கதவை இறுக்கவும் தளர்த்தவும் மூளையிலிருந்தும் உத்தரவு இறங்குகிறது. அதைச் சுமக்கும் செரோட்டோனின், நாரட்ரினலின் இரண்டுக்கும் தூக்கத்திலும் மனநிலையிலும் பங்கு உண்டு. இந்த மாத்திரை அவற்றைக் கூட்டுகிறது. வலிக்குக் கொடுக்கும் அளவு பெரும்பாலும் மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிடக் குறைவு. வலி பொய் என்பதற்காக அல்ல, வலியின் பாதை அப்படி ஓடுவதால்தான் அதை எழுதுகிறார்கள். சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2020இல் தன் வரையறையைத் திருத்தியபோது, ஒருவர் வலிக்கிறது என்று சொன்னால் அந்தச் சொல்லை மதிக்க வேண்டும் என்று குறிப்பே சேர்த்தது. இதை விளக்க டாக்டருக்கு இரண்டு நிமிடம் போதும். புறநோயாளி வரிசையில் அந்த இரண்டு நிமிடம் கிடைப்பதில்லை.

என் வலி பகலில் எப்படியோ நகர்ந்துவிடும், இரவில்தான் ஆள் பார்த்து அமரும். இங்கே ஹைதராபாத்தில் மௌலாலிப் பக்கம் ரயில் கூவுவது, தொழிற்பேட்டைக்குள் லாரி திரும்புவது, இரவு ஷிப்ட் முடிந்து யாரோ கேட்டைத் திறப்பது என்று எல்லாம் காதில் விழும். தூங்காத இரவுக்கு மறுநாள் அதே முதுகு அதிகமாக வலிக்கும். தூக்கம் குறைந்தால் வலியைத் தாங்கும் வரம்பு இறங்குகிறது என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்டது. அந்த வலி அடுத்த இரவையும் தின்னும். இப்படியே போய், ஒரு கட்டத்தில் தலை வாரத் தோன்றாது, ஊரிலிருந்து அக்கா கூப்பிட்டால் போனை எடுக்கத் தோன்றாது. எது முதலில் வந்தது என்று இப்போது என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஆஸ்பத்திரியில் எலும்புக்கு ஒரு சீட்டு, நரம்புக்கு ஒரு சீட்டு, மனசுக்கு ஒரு சீட்டு. தூக்கத்துக்குச் சீட்டே கிடையாது.

நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னால் பழக்கத்தை மாற்றும் உளவியல் பயிற்சியைத் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் சொன்னது. தினமும் ஒரே நேரத்தில் எழ வேண்டும்; தூக்கம் வராவிட்டால் படுக்கையை விட்டு எழுந்து வேறிடத்தில் உட்கார வேண்டும். எனக்கு இது உதவுகிறது, சமையலறையில் ஒரு நாற்காலி இருப்பதால். இரண்டு அறைப் போர்ஷனில் ஐந்து பேர் படுத்திருக்கும் வீட்டில் எழுந்து எங்கே போய் உட்கார்வது?

நான் இருக்கும் நாச்சாரத்தில் அப்படிப்பட்ட வீடுகள்தான் அதிகம். அவற்றில் இருப்பவர்கள் பேக்கிங்கிலும் மோல்டிங்கிலும் ஷிப்ட் முழுக்க நிற்கிறவர்கள். எங்கள் சந்தில் திருவண்ணாமலைப் பக்கத்துப் பெண் ஒருத்தி இருக்கிறாள். "ஸ்கேன் கிளீனா இருக்குதாம்க்கா. லீவுக்கு எதைக் காட்டுறது?" என்று கேட்டாள்.

அவள் கேள்வி நியாயமானது. மாதம் 21,000 ரூபாய் வரை கூலி வாங்குகிறவர்களுக்கு இ.எஸ்.ஐ. காப்பீடு உண்டு, கூலியில் 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள். இங்கே நாச்சாரத்திலேயே இ.எஸ்.ஐ. மருத்துவமனையும் இருக்கிறது. நோய் விடுப்பில் வருஷத்துக்கு 91 நாள் வரை 70 சதவீதக் கூலி கிடைக்கும். அதற்குமேல் நீண்ட விடுப்பும் 80 சதவீதமும் வேண்டுமானால், நோய் இ.எஸ்.ஐ.யின் பட்டியலில் இருக்க வேண்டும். முதுகெலும்புத் தட்டு பிதுங்கியிருந்தால் பட்டியலில் இருக்கிறது. மனச்சோர்வில் ஒரு வகையும் இருக்கிறது. ஸ்கேனில் தெரியாத நாள்பட்ட வலி அதில் இல்லை. 2016ஆம் வருஷ மாற்றுத்திறனாளிகள் சட்டம் எண்ணும் 21 வகைகளிலும் அது இல்லை. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலிக்கு, உலக சுகாதார நிறுவனம் 2022 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய் வகைப்பாட்டில் தனிக் குறியீடே கொடுத்தாகிவிட்டது. நம் பட்டியல்களும் அதை ஏற்க வேண்டும். நின்று வேலை செய்கிறவர்களுக்கு இது சோற்றுப் பிரச்சினை.

அவளுக்கு 14416 எண்ணைக் கொடுத்தேன். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவி எண் அது; கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். இன்னொன்றும் சொன்னேன்: டாக்டரிடம் வலி எங்கே என்பதோடு நிறுத்தாதே, எவ்வளவு நேரம் நிற்க முடிகிறது, ராத்திரி எத்தனை மணிக்கு முழிப்பு வருகிறது, சாப்பாடு இறங்குகிறதா என்பதையும் சொல், சீட்டில் எழுதச் சொல். "எனக்கு அவ்வளவு தெலுங்கு வராதேக்கா" என்றாள். புதன்கிழமை ஷிப்ட் மாற்றிக்கொண்டு டாக்டரிடம் போகிறாள். நானும் கூடப் போகிறேன்.