வகையா? வழிமுறையா?
(பழைய கணிப்பொறிகளில் பிறக்கும் இசை பற்றிச் சில எண்ணங்கள்)

பழைய கணிப்பொறிகளைக் கொண்டு அமைக்கப்படும் இசையைத் தனியொரு இசைவகை எனக் கொள்வதா, அன்றி இசை அமைக்கும் வழிமுறைகளுள் ஒன்று எனக் கொள்வதா? வில்லியனூரிலும் பாகூரிலும் வயல்களுக்கு நடுவே வாழும் நமக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று சிலர் கேட்கலாம். நமக்கும் இதில் பங்குண்டு என்பதே எங்கள் கருத்து.

கலைவிழாப் போட்டிக்கான படிவம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். கர்நாடக இசை, மெல்லிசை, கிராமிய இசை, மேலை இசை எனக் கட்டங்கள் இருக்கும். வீட்டில் ஒதுக்கிப் போட்ட பழைய கணிப்பொறியில் ஒரு மாணவி சொந்தமாக ஒரு மெட்டு அமைத்து வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் எந்தக் கட்டத்தில் குறியிடுவாள்? குறியிட இடமில்லை என்றால் அவள் மேடையேற வழியே இல்லை. எனவே இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. யாருடைய இசை கேட்கப்படும், யாருடையது கேட்கப்படாமலே போகும் என்பது இதில் அடங்கியிருக்கிறது.

யாழ் தரும் பாடம்

இவ்வினா தமிழுக்குப் புதியதும் அன்று. ஒவ்வொரு நிலத்திற்கும் உரிய கருப்பொருள்களைக் கூறும் தொல்காப்பியம், தெய்வம், உணவு, பறை முதலியவற்றோடு யாழையும் சேர்த்துச் சொல்கிறது. அங்கே யாழ் என்பது பண்ணைக் குறிக்கும் என்பர் உரையாசிரியர். நம் முன்னோர் யாழ் என்னும் ஒரே சொல்லால் கருவியையும் குறித்தனர். அதில் எழுந்த பண்ணையும் குறித்தனர். கருவியின் பெயரே வகையின் பெயராயிற்று.

பிறகு நடந்தது என்ன? யாழ் வழக்கொழிந்தது. அதன் வடிவும் நரம்பும் எப்படி இருந்தன என்று ஆராய்ந்து விபுலாநந்த அடிகள் 1947-இல் 'யாழ் நூல்' வெளியிட வேண்டிய நிலை வந்தது. ஆயினும் பண்கள் மறையவில்லை. ஓதுவார்கள் இன்றும் தேவாரத்தைப் பண்ணோடு பாடி வருகின்றனர். கருவியோடு பிறந்த ஒன்று கருவி போன பின்னும் வாழ முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இன்னொரு செய்தியும் நம் புதுச்சேரி மாநிலத்திலேயே உண்டு. காரைக்கால் பகுதியிலுள்ள திருத்தருமபுரத்தில் திருஞானசம்பந்தர் பாடிய பதிகம் 'யாழ்முரி' எனப் பெயர் பெற்றது. அந்தப் பாட்டைத் தம் யாழில் அடக்க முயன்றும் இயலாமல், திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழையே உடைக்க ஓங்கினார் என்றும், சம்பந்தர் தடுத்தார் என்றும் பெரியபுராணம் கூறுகிறது. கருவி வேறு, இசை வேறு என்பதை இதனினும் தெளிவாகச் சொல்ல இயலாது.

கணிப்பொறி பாடிய கதை

கணிப்பொறி பாடத் தொடங்கியது எப்படி? 1951-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில், ஆலன் டூரிங் பணியாற்றிய கூடத்தில், ஃபெராண்டி மார்க் 1 என்னும் பெரிய கணிப்பொறி இருந்தது. இயக்குபவருக்கு அடையாள ஒலி கொடுப்பதற்காக அதில் ஓர் ஒலிபெருக்கி வைத்திருந்தனர். 'டிக்' என்ற ஓர் ஒலியை மிக விரைவாகத் திரும்பத் திரும்ப எழுப்பினால் அது ஒரு சுரமாகக் கேட்கும். இந்த உண்மையைக் கொண்டு பிரிட்டனின் நாட்டுப்பண்ணையும் ஒரு குழந்தைப் பாடலையும் அதில் ஒலிக்கச் செய்தனர். அவ்வாண்டே பிபிசி வானொலியார் அதைப் பதிவும் செய்தனர்.

1982-இல் கமடோர் 64 என்னும் வீட்டுக் கணிப்பொறி வந்தது. ராபர்ட் யான்ஸ் வடிவமைத்த அதன் ஒலிச்சில்லுக்கு மூன்றே குரல்கள். ச-க-ப என்னும் மூன்று சுரங்களைச் சேர்த்து ஒலிக்க விரும்பினால் மூன்று குரலும் அதற்கே தீர்ந்துவிடும். மெட்டுக்கும் தாளத்திற்கும் ஒன்றும் மிஞ்சாது. இதற்கு ராப் ஹப்பர்ட், மார்ட்டின் கால்வே போன்ற இசையமைப்பாளர்கள் ஒரு வழி கண்டனர். ஒரே குரலில் ச-க-ப, ச-க-ப என்று நொடிக்கு 50 முறை வரை மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்தனர். காது அதைக் கூட்டொலியாக ஏற்றுக்கொண்டது. நீர் கொப்பளிப்பது போன்ற அந்த ஓசை அழகுக்காகப் பிறந்தது அன்று; வறுமையில் பிறந்தது.

1987-இல் கார்ஸ்டன் ஓபார்ஸ்கி என்னும் ஜெர்மானியர் அமிகா கணிப்பொறிக்கென ஒரு மென்பொருள் செய்தார். அதிலிருந்து 'டிராக்கர்' என்னும் மென்பொருள் மரபு தோன்றியது. நாம் பாட்டு நோட்டில் சுரங்களைக் கட்டம் கட்டி எழுதுவது போலவே அதிலும் எழுத வேண்டும். மேலிருந்து கீழாக 64 வரிகள். பக்கவாட்டில் நான்கு குரல்கள். ஆதி தாளத்தின் ஓர் எண்ணிக்கைக்கு நான்கு வரி வைத்தால் 64 வரியில் சரியாக இரண்டு ஆவர்த்தனம் அடங்கும். இதைக் கேட்டால் நம் பாட்டு ஆசிரியைகளே வியப்பார்கள் அல்லவா?

வழிமுறையே என்பார் கூற்று

இனி இரு தரப்பாரையும் கேட்போம். 'வெறும் வழிமுறைதான்' என்போர் பக்கம் வலுவான சான்றுகள் உள்ளன.

1986-இல் வெளியான 'புன்னகை மன்னன்' திரைப்படத்தில் இளையராஜா அவர்கள் யமஹா நிறுவனத்தின் இசைக் கணிப்பொறியைப் பயன்படுத்தினார். அதற்கு நிரல் அமைத்தவர் அப்போது 19 வயது இளைஞராயிருந்த திலீப். பின்னாளில் ஏ. ஆர். ரகுமான் என உலகம் அறிந்தவர் அவரே. அந்த இசையைக் கேட்ட யாரும் 'இது கணிப்பொறி வகை' என்று ஒதுக்கவில்லை. தமிழ்த் திரையிசை என்றே கேட்டனர். இன்றும் அப்படியே கேட்கின்றனர்.

மும்பையில் சரண்ஜித் சிங் என்னும் திரையிசைக் கலைஞர் 1982-இல் பத்து இராகங்களை டிஸ்கோ தாளத்தில் அமைத்து ஓர் இசைத்தட்டு உருவாக்கினார். யமன், பைரவ் முதலிய இந்துஸ்தானி இராகங்களை ரோலண்ட் நிறுவனத்தின் மின்னணுக் கருவிகளில் இசைத்தார். அன்று அதை வாங்குவார் அதிகம் இல்லை. அந்தக் கருவிகளுள் ஒன்றைக் கொண்டே சில ஆண்டுகளுக்குப் பின் அமெரிக்காவின் சிகாகோ நகர இளைஞர்கள் 'ஆசிட் ஹவுஸ்' என்னும் நடன இசையை உருவாக்கினர். 2010-இல் சிங்கின் தட்டு மறுபடி வெளியானபோது இரண்டுக்கும் உள்ள ஒற்றுமை கண்டு உலகம் வியந்தது. ஆயினும் அவர் தந்தது இராகம். அவர்கள் தந்தது நடன இசை. கருவி ஒன்றே, வகை இரண்டு.

நம்மிடையே மின்னணுச் சுருதிப்பெட்டி வந்தபோது 'சுருதிப்பெட்டி இசை' என ஒரு வகை தோன்றியதா? இல்லையே!

வகையே என்பார் கூற்று

மறுதரப்பார் கூற்றையும் தள்ளிவிட இயலாது. இன்றைய கணிப்பொறிக்கு மூன்று குரல், நான்கு குரல் என்ற கட்டுப்பாடு கிடையாது. ஆனாலும் அந்தப் பழைய கொப்பளிப்பு ஓசையை வேண்டுமென்றே நாடுவோர் உலகெங்கும் இருக்கின்றனர். 1989-இல் வந்த 'கேம்பாய்' என்னும் கையடக்க விளையாட்டுப் பொறியில் இசையமைக்க, சுவீடன் நாட்டு யோஹன் கோட்லின்ஸ்கி 2000-ஆம் ஆண்டு தனி மென்பொருளே செய்தார். 'சிப்டியூன்' எனப்படும் இந்தச் சில்லு இசைக்கு இன்று அதற்கே உரிய மரபும், மேடைகளும், கேட்பவர் கூட்டமும் உண்டு. கண்ணை மூடிக் கேட்டாலும் 'இது அதுவே' என்று அறிந்துகொள்ளலாம். பழைய பொறியே இல்லாமல் புதிய பொறியில் அதே முறையில் அமைத்தாலும் அந்த இசை அடையாளம் மாறுவதில்லை. இப்படிப்பட்ட ஒன்றை வகை என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது?

இதற்கும் நம் ஊரிலேயே ஒப்புமை உண்டு. இறைவனின் உலா புறப்படும்போது நாகசுரத்தில் 'மல்லாரி' வாசிப்பார்கள். அதற்குச் சொல் இல்லை. நாகசுரமும் தவிலும் வீதியும் சேர்ந்து பெற்ற பிள்ளை அது. இன்று மல்லாரி பரதநாட்டிய மேடைக்கும் வந்துவிட்டது. வேறு கருவியில் வாசித்தாலும் அது மல்லாரியே. கருவியில் பிறந்து, கருவியைக் கடந்து நிற்பதால் அது வகையாயிற்று.

எங்கள் தீர்ப்பு

இரு தரப்பையும் எடைபோட்டுப் பார்க்கையில் எங்களுக்குத் தோன்றுவது இதுதான். கட்டாயத்தால் செய்யும்வரை அது வழிமுறை. கட்டாயம் நீங்கிய பின்னும் மக்கள் விரும்பி அதே வழக்கத்தைக் காத்து வந்தால் அது வகை. கமடோர் காலத்தார் மூன்று குரலோடு போராடியது வேறு வழியின்மையால். இன்றைய சில்லு இசைக்காரர் அதே மூன்று குரலுக்குள் நிற்பது விருப்பத்தால். ஆகவே சில்லு இசை ஒரு வகையே. ஆனால் பழைய கணிப்பொறியில் அமைத்த எல்லாமே சில்லு இசை ஆகிவிடாது. பாகூர் ஏரிப் பாசன வயலில் நாற்று நடும் பெண்கள் பாடும் மெட்டை ஒரு மாணவி டிராக்கரில் எழுதினால், அது கிராமிய இசையே. கணிப்பொறி அதற்குக் கருவி. வில்லியனூர் லூர்து அன்னை திருவிழாவிற்கென ஒருத்தி ஒரு மெட்டு அமைத்தால், அது பக்தி இசையே. வகையைத் தீர்மானிப்பது பொறி அன்று. அந்த இசை எந்த வழக்கத்தைச் சேர்ந்து நிற்கிறது என்பதே.

கருவியை வைத்து இசையை மதிப்பிட்டால் நேரும் இழப்பையும் நாம் மறக்கலாகாது. 1842-இல் பாரிஸ் நகரில் அலெக்சாந்தர் தபேன் என்பவர் உரிமம் பெற்ற ஆர்மோனியம், கடல் கடந்து வந்து நம் ஆலயப் பாடற்குழுவிலும் நாடக மேடையிலும் இடம்பிடித்தது. ஆனால் கமகம் அதில் வராது என்று சொல்லி 1940-இல் அகில இந்திய வானொலி அதற்குத் தடை விதித்தது. 1971-க்குப் பின்னரே அத்தடை தளரத் தொடங்கியது. கமகம் வராது என்பது உண்மைதான். ஆனால் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அதன் ஒலி வானொலி வழியே நம் வீடுகளுக்கு வராமல் போனதும் உண்மைதானே?

'பொம்மைச் சத்தம் போல் இருக்கிறதே, இதுவும் ஒரு சங்கீதமா?' என்று பெற்றோர் கேட்பது எங்களுக்குப் புரிகிறது. பொத்தானைத் தட்டினால் வந்துவிடும் இசையில் உழைப்பு ஏது என்று அருட்சகோதரியர் ஐயுறுவதும் நியாயமே. ஆனால் டிராக்கரில் எதுவும் தானாக வருவதில்லை. ஒவ்வொரு சுரத்தையும் எழுதுபவளே இட வேண்டும். எங்கே ஒலி தேய வேண்டும் என்பதையும் அவளே குறிக்க வேண்டும். அதே வேளையில் ஒன்றை ஒப்புக்கொள்ளவும் வேண்டும். குரலைப் பழக்குவதையும், சுருதி சேர்ந்து பாடுவதையும், நால்வரோடு இணைந்து பாடும் பணிவையும் எந்தப் பொறியும் கற்றுத் தராது. ஆகவே பாட்டு வகுப்பின் இடத்தில் இதை வைக்கச் சொல்லவில்லை. பாட்டு வகுப்பின் பக்கத்தில் வைக்கச் சொல்கிறோம்.

எங்கள் வேண்டுகோள் இரண்டே. முதலாவது, போட்டிப் படிவத்தில் 'வகை' என்றும் 'கருவி' என்றும் இரு கட்டங்கள் தனித்தனியே இருக்கட்டும். வீணையும் ஆர்மோனியமும் எழுதப்படும் இடத்தில் கணிப்பொறியும் எழுதப்படட்டும். சில்லு இசையைச் சில்லு இசையாகவே தர விரும்புவோர்க்கு 'பிற வகை' என்றொரு வரி போதும். இரண்டாவது, பயனற்றவை என்று ஒதுக்கப்படும் கணிப்பொறிகளைக் காயலான் கடைக்கு அனுப்புமுன் ஒரு முறை இயக்கிப் பாருங்கள். டிராக்கர் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றிற்குப் புத்தம்புதிய பொறி தேவையில்லை.

வீணை வாங்க வசதியில்லாத வீட்டிலும் பழைய கணிப்பொறி ஒன்று மூலையில் கிடக்கக்கூடும். தோழியரே, அதில் பிறப்பதை உலகம் வகை என்று அழைக்கட்டும், வழிமுறை என்று அழைக்கட்டும். அதற்காகக் காத்திராதீர்கள். நான்கு குரல் போதும், நல்ல மெட்டு ஒன்று அமைக்க. முதலில் அமையுங்கள், பெயர் பின்னால் வரும்.