எத்தனை தடவை கேட்டாய்?

2011இல், இளங்கலை மாணவனாக இருந்தபோது, கல்லூரிக் கையெழுத்து இதழில் இளையராஜாவின் 'திருவாசகம்' இசைத்தொகுப்பைப் பற்றி இரண்டு பக்க விமர்சனம் எழுதினேன். புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவின் பேரோசைக்கடியில் மாணிக்கவாசகர் மூழ்கிப்போனார் என்பது அதன் சாரம். அப்பா படித்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "எத்தனை தடவைப்பா கேட்ட?" ஒரே தடவை, அதுவும் பேருந்தில், அரைத் தூக்கத்தில். நான் பதில் சொல்லவில்லை.

இப்போது ஆய்வின் பொருட்டுப் போசரியில் தங்கியிருக்கிறேன். தெருமுனையிலேயே லேத்துப் பட்டறைகள். பகலெல்லாம் இரும்பு கடையும் ஓசை. அவற்றுக்கு விடுமுறையான வியாழக்கிழமைகளில்தான் தெரு அடங்கும். சென்ற ஆண்டு அப்பாவின் காரியங்களை முடித்துத் திரும்பிய வாரம், அப்படியொரு வியாழனிரவில் அந்தத் தொகுப்பை மீண்டும் எடுத்தேன். இரண்டாம் பாடலைத் தாண்ட முடியவில்லை, நிறுத்திவிட்டேன். அடுத்த வியாழன் மறுபடியும். இதுவரை முப்பது முறையேனும் கேட்டிருப்பேன். இப்பதிவு அப்பாவின் கேள்விக்கான தாமதமான விடை.

திருவாசகத்துக்கு உருகார் ஒரு வாசகத்துக்கும் உருகார் என்பார்கள். இந்தப் பழமொழி கேட்பவனுக்கு ஓர் அநீதி செய்கிறது: உருக்கம் உடனே நிகழ வேண்டும், இல்லையேல் குறை உன்னிடம் என்கிறது. ஆனால் தம் நெஞ்சு உருகவில்லையே, இரும்பாய்க் கிடக்கிறதே என்று நொந்துகொள்பவர் மாணிக்கவாசகரே அல்லவா? உருகாமையும் அந்நூலின் பொருள்தான். அதைக் கடந்துவர நூல் எடுத்துக்கொள்ளும் இடம் 51 பதிகங்கள். நாமோ ஓர் இசைத்தொகுப்புக்கு ஒரு பேருந்துப் பயணத்தைத் தருகிறோம்.

2005இல் வெளிவந்த இத்தொகுப்பில் பாடல்கள் ஆறுதாம். முதற்பாடல் 'பூவார் சென்னி மன்னன்', நூலின் 45ஆம் பதிகமான யாத்திரைப் பத்திலிருந்து வருவது. எல்லாவற்றையும் விட்டுப் புறப்படுங்கள் என்னும் அழைப்பு. அடுத்து வரும் 'பொல்லா வினையேன்' நூலின் தொடக்கமான சிவபுராணத்திலிருந்து எடுக்கப்பட்டது. அதாவது, விடைபெறும் பாட்டு முதலில். புல்லாய்ப் பிறந்தது முதலான பிறவிகளை எண்ணிப் பார்க்கும் பாட்டு அதற்குப் பின். பாடத்திட்டத்தில் சிவபுராணத்தை வரிவரியாகப் படித்த எனக்கு இந்தத் தலைகீழ் வரிசை உறைக்கவே பத்துப் பன்னிரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது. சாவீட்டிலிருந்து திரும்பியவனுக்கு அந்த வரிசையில் இருந்த நியாயத்தை வேறெந்த உரையும் சொல்லித் தந்ததில்லை. முதலில் ஒருவர் புறப்பட்டுப் போகிறார். அதற்குப் பிறகே அவருடைய வாழ்க்கையை முதலிலிருந்து நினைக்கத் தொடங்குகிறோம்.

ஒரு மறுப்பு எழலாம். ஒன்றைத் திரும்பத் திரும்பச் சந்தித்தாலே அதன்மேல் விருப்பம் கூடும் என்று உளவியலாளர் ராபர்ட் ஜயன்ஸ் 1968இலேயே காட்டிவிட்டார்; உன் முப்பது முறையும் வெறும் பழக்கந்தானே? நியாயமான ஐயம். பழக்கம் விருப்பத்தைக் கூட்டும். ஆனால் கேட்கும் திறனைக் கூட்டுவது வேறு. பத்தாம் முறையில் கேட்காத ஒன்றை இருபதாம் முறையில் சுட்டிக்காட்ட முடிகிறதா என்பதே என் அளவுகோல். மேலும், என் விருப்பம் எல்லா இடத்திலும் கூடவில்லை. ஏறக்குறைய 20 நிமிடம் நீளும் 'பொல்லா வினையேன்' பாடலில் ஸ்டீபன் ஸ்வார்ட்ஸ் எழுதிய ஆங்கில வரிகள் குறுக்கிடும் இடங்கள் அன்றும் என்னை உறுத்தின, இன்றும் உறுத்துகின்றன. பழைய விமர்சனத்தில் எஞ்சியிருப்பது அந்த ஒன்றுதான். ஆனால் இன்று அதைக் காரணத்தோடு சொல்ல முடியும்: தமிழ் வரிகளில் தன்னையே நொந்துகொள்ளும் குரல், ஆங்கிலத்தில் தன்னை விளக்கிச் சொல்லும் குரலாகிவிடுகிறது.

போசரியிலிருந்து ஒரு சாலை ஆளந்திக்குப் போகிறது. ஞானேசுவரரின் சமாதி இருக்கும் ஊர். ஆண்டுதோறும் அங்கிருந்து பண்டரிபுரத்துக்கு வாரி என்னும் நடைப்பயணம் புறப்படுகிறது. ஒருமுறை போய்வந்தவர் பயணி. தவறாமல் போய்வருபவரே வார்கரி. அதே வழி, அதே அபங்கங்கள். ஏற்கெனவே கேட்ட பாட்டுத்தானே என்று அவர்களில் எவரும் சலித்துக்கொள்வதில்லை. போன ஆண்டு நடந்தவரும் இந்த ஆண்டு நடப்பவரும் ஒரே ஆள் அல்லர் என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஆய்வுலகில் இருக்கும் நாம் ஒரு குறுந்தொகைப் பாடலை நூறுமுறை படிப்பதைத் தகுதியாகக் கருதுகிறோம். ஓர் இசைத்தொகுப்பை ஒருமுறை ஓடவிட்டுத் தீர்ப்பெழுதுவதில் நமக்குக் கூச்சமில்லை. திரைப்பாடல் ஆய்வுகள் பலவும் பாடல்வரி ஆய்வுகளாகவே நின்றுவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். வரியைத் தாளில் மறுபடி படித்துக்கொள்ளலாம். இசைக்கோ அதன் முழு நேரத்தையும் மறுபடி கொடுத்தாக வேண்டும்.

ஆகவே நண்பர்களுக்கும் மாணவர்களுக்கும் சிறிய வேண்டுகோள். இசையைப் பற்றி எழுதும் கட்டுரையின் அடியில், எத்தனை முறை, எந்தக் காலத்தில் கேட்டீர்கள் என்று ஒரு வரி சேருங்கள். களப்பணிக்குத் தேதி குறிக்கிறோம், செவிக்கும் குறிக்கலாம். என் பழைய விமர்சனத்தின் அடியில் அப்படியொரு வரி எழுத நேர்ந்திருந்தால், அதை நான் இதழுக்குக் கொடுத்திருக்கவே மாட்டேன்.