தண்ணீர் ஊற்றுவது தண்டனையா?

எமது பாடசாலையில் காலை மணியடித்த பின் வருபவர்களுக்கு ஒரு தண்டனை உண்டு. வாயிலருகே உள்ள கற்பூங்காவுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். கடந்த தவணையில் நானும் நான்கு நாட்கள் வாளியுடன் நின்றேன். அந்த அனுபவத்தில்தான் இதனை எழுதுகிறேன்.

தண்டனையாகக் கிடைத்த வேலையை யார் மனம்வைத்துச் செய்வார்கள்? முதற் பாடத்தைப் பிடிக்கும் அவசரத்தில் ஒரே இடத்தில் வாளியைக் கவிழ்த்துவிட்டு ஓடினோம். நாளுக்கு ஐந்தாறு பேர், ஐந்தாறு வாளி. கள்ளிச் செடிகளின் அடிப்பாகம் மஞ்சளாகியது. பின்னர் தொட்டால் கூழாக அமிழ்ந்தது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றினோம். தவணை முடியுமுன் ஏழு கள்ளிகள் அழுகிவிட்டன.

உயிரியல் கற்கும் எனக்கு இது பெரும் வெட்கம். கள்ளி தண்டிலே நீரைச் சேமிக்கும். பகலில் இலைவாய்களை மூடி, இரவில் திறந்து நீரிழப்பைக் குறைக்கும். பரீட்சைத் தாளில் எழுதிய இந்த விடை, வாளியைத் தூக்கியபோது என் நினைவில் வரவில்லை.

பள்ளிக்கூடம் போகாத என் உம்மம்மாவுக்கு இது தெரியும். அவர் விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்ப்பார். "மண்ணப் பாத்து ஊத்தணும் மகள், வாளியப் பாத்து ஊத்தப்படா" என்பார். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மண் நன்கு காய்ந்த பின்னரே ஊற்றுவார். மாரி மழை தொடங்கினால் வாளியை எடுக்கவே மாட்டார். கற்களுக்கிடையில் தேங்கும் நீரை வழித்தெடுப்பார். அழுகலும் நுளம்பும் அங்கேதான் தொடங்கும். மழை பெய்து மண் இளகியிருக்கும்போது புல்லை வேரோடு பிடுங்குவார்.

தாமதித்து வருபவர்களைக் கண்டிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதற்கு வேறு வழி தேடலாம். கற்பூங்காவை மாதம் ஒரு வகுப்பிடம் பொறுப்பாகக் கொடுக்கலாம். பொறுப்பென்றால் செடி வாடும்போது மனம் பதறும். தண்டனையென்றால் வாளி காலியானதும் வேலை முடிந்துவிடும்.

பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள். "குழப்படி செய்தாய், முற்றத்தைக் கூட்டு" என்று வீட்டிலும் சொல்கிறோம். பராமரிப்பைத் தண்டனையாகப் பழகிய பிள்ளை, நாளை எதை விருப்பத்தோடு பராமரிக்கும்?

ஆசிரியையிடம் கேட்டு ஒரு மூலையைப் பொறுப்பெடுத்துள்ளேன். நன்றாயிருந்த கள்ளியில் மூன்று துண்டுகளை வெட்டி, வெட்டுவாய் காயும்வரை நிழலில் வைத்து, உடைந்த செங்கல்லின் மேல் மணல் கலந்த மண்ணிட்டு நட்டேன். ஒன்று வேர்பிடித்துவிட்டது. மற்ற இரண்டையும் பார்ப்பதற்காக இப்போது மணியடிக்குமுன் வந்துவிடுகிறேன்.