திரையில் தோன்றும் இலக்கம்

உடப்பு, கற்பிட்டிக் கரைகளில் கடலுக்குச் சென்றோரின் வீட்டாருக்குக் கைத்தொலைபேசியே தூதுவன். அதிலே "எனது இலக்கம்" பிழையாகத் தோன்றினும் அழைப்புகள் தவறாது வரும். ஏனெனில் சிம் அட்டையிலுள்ள அவ்விலக்கம் வெறும் குறிப்பே. இலக்கத்தை மாற்றிய பின்னும் பழைய குறிப்பு அழியாது நிற்கலாம். அட்டையில் 413 என்று தொடங்கும் வேறோர் அடையாள எண் உண்டு. இலங்கைக்குரிய அவ்வெண்ணைக் கொண்டே கம்பனி தன் பதிவேட்டில் நமது மெய்யான இலக்கத்தை அறிகிறது.

ஆயினும் திரையை நம்பிப் பிறருக்கு இலக்கம் கொடுத்தால், ஆபத்துவேளைச் செய்தி அயலாரைச் சேரும். ஆதலால் மற்றொரு தொலைபேசிக்கு அழைத்து, அங்கே தோன்றும் இலக்கத்தைக் குறித்துக்கொள்க. பின்னர் அமைப்புப் பகுதியில் பிழையைத் திருத்துக. இயலாதெனின் கம்பனிக் கிளையை நாடுக. மாணவர்கள் தம் வீட்டுப் பெரியோருக்கு இதனைச் செய்து கொடுத்தல் நன்று.