மரபணுவும் வலிப்பு நோயும்

கேளம்பாக்கத்து உப்பளங்களைக் கண்டோர், உவர்நீரைப் பாத்திகளுக்குள் விடும் மடைகளையும் கண்டிருப்பர். நம் மூளையிலுள்ள நரம்பணுக்களுக்கும் அத்தகைய நுண்ணிய மடைகள் உண்டு. உப்பின் கூறாகிய சோடியம் அவற்றின் வழியே உட்புகும்போதே நரம்பணு செய்தியை விடுக்கின்றது.

அம்மடைகளுள் ஒருவகையை ஆக்குதற்குரிய குறிப்பு, எஸ்.சி.என்.1ஏ என்னும் மரபணுவில் அமைந்துள்ளது. தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக, அதன் இரு படிகள் நமக்கு வாய்க்கின்றன. அவற்றுள் ஒன்று பழுதுபடின், மடைகளும் ஏறத்தாழப் பாதியாகக் குறையும். மடை குறைந்தால் மூளையின் கிளர்ச்சியும் குறைய வேண்டுமன்றோ, வலிப்பு மிகுவது எங்ஙனம் என மாணவர் வினவலாம். நல்ல வினாவே. இவ்வகை மடைகளைப் பெரிதும் சார்ந்திருப்பவை, பிற நரம்பணுக்களை அடக்கி வைக்கும் நரம்பணுக்களே. காவலர் சோர்ந்துவிட்டால் ஊர் அடங்கியிருக்குமா? காய்ச்சலின் வெம்மை சேரின், வலிப்பு எளிதில் எழும்.

பிறந்த ஓராண்டிற்குள் இவ்வாறு நெடுநேர வலிப்பிற்கு ஆளாகும் குழந்தைகளின் நோயை, 1978-இல் பிரெஞ்சு மருத்துவர் சார்லோட் டிராவே விளக்கினார். அதன் வேர் இம்மரபணுவில் உள்ளதென 2001-இல் பெல்சிய நாட்டு ஆய்வாளர் கண்டனர். இதே மரபணுவின் வேறொரு மாற்றம், சிலரிடத்துக் காய்ச்சல் வலிப்பளவில் நின்றுவிடுவதும் உண்டு. வலிப்பு அனைத்தும் மரபணுவால் வருவனவும் அல்ல. தலைக்காயமும், மூளையிற் புகுந்த நாடாப்புழுவின் கட்டியுங்கூட அதற்குக் காரணமாகும்.

'கால்கை வலிப்பு' என்பதே 'காக்காய் வலிப்பு' என மருவிற்று என்பர், அம்மருவினால் தீங்கில்லை. 'மரபணு' என்னும் சொல்லைப் பிழையாக உணர்வதனாலேயே தீங்கு விளைகின்றது. மரபு என்றவுடன், முன்னோர் வழிவந்த குற்றம் எனக் கொண்டு பெற்ற தாயைப் பழிக்கின்றனர். டிராவே நோயிலோ, பெரும்பாலும் அப்பழுது பெற்றோரிடம் காணப்படுவதே இல்லை. குழந்தையிடத்துப் புதிதாகத் தோன்றியது அது. பழுது புதியதாயின் பழி யாரைச் சாரும்?

இந்து திருமணச் சட்டத்திலும் 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வலிப்பு நோய் மணத்தடையாக இடம்பெற்றிருந்தது. பித்தினையும் வலிப்பினையும் ஒரு தொடரில் வைத்தது முறையன்று என்பது என் கருத்து. 1999-ஆம் ஆண்டுத் திருத்தம் அச்சொல்லை நீக்கிற்று. ஆயினும், மணம் தடைப்படுமே என அஞ்சி நோயை மறைக்கும் பெற்றோர் இன்றும் உளர்.

மறைத்தலால் வரும் கேடு சிறிதன்று. கார்பமாசிபின் என்னும் மருந்து பலருடைய வலிப்பைத் தணிப்பது. சோடிய மடைகளைத் தடுத்தே அது செயற்படுகின்றது. முன்னரே மடை குறைந்த டிராவே நோயாளிக்கு அதனைக் கொடுப்பின், வலிப்பு மிகக்கூடும். அவ்வாறாயின், அண்டை வீட்டார்க்குப் பயன்பட்ட மாத்திரையைக் கேட்டு வாங்கித் தம் குழந்தைக்கு மறைவாக ஊட்டும் தாய் தந்தையர், எதனை ஊட்டுகின்றனர் என்பதை அறியார். நரம்பியல் மருத்துவரிடம் குழந்தையைக் காட்டி, முதல் வலிப்பு எந்த மாதத்தில் வந்தது, அப்பொழுது காய்ச்சல் இருந்ததா, எவ்வளவு நேரம் நீடித்தது என்பனவற்றை ஒளியாமற் கூறுதல் வேண்டும். மரபணுச் சோதனை தேவையா என்பதை அவர் அதன்பின்னரே முடிவு செய்வார்.