1818-இல் கம்பெனி ராமர் காசு அடிக்கவில்லை

'வெள்ளைக்காரனே ராமர் பட்டாபிஷேகத்தைக் காசில் அடித்தான். 1818-ஆம் வருஷக் கிழக்கிந்தியக் கம்பெனி காசு. ஒன்று இருந்தாலும் நீங்கள் லட்சாதிபதி.' மேடையிலும் கைப்பேசியிலும் வருஷக்கணக்காக இதைக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. மூன்று வாக்கியங்களும் பொய்.

அந்தக் காசு அரிசியை இழுக்கும், அதில் இரிடியம் இருக்கிறது என்கிறார்கள். இரிடியம் காந்தத்திலேயே ஒட்டாது. அரிசியில் இரும்புத்தூளை ஏற்றிக் காட்டும் வித்தை அது. அதற்கு இந்த ஒரு வரி போதும்.

கம்பெனி சாமி உருவம் போட்டதே இல்லையா என்றால், போட்டது. அதுவும் நம் சென்னையில். 17-ஆம் நூற்றாண்டிலேயே புனித ஜார்ஜ் கோட்டையில் வேங்கடவனும் இரு தேவியரும் நிற்கும் பொன் வராகன் அடித்தார்கள். பிறகு வந்தது ஒரு பக்கம் திருமாலும் மறுபக்கம் நட்சத்திரமும் கொண்ட வராகன். 1807-08-இல் வந்த வெள்ளிக் காசைக் கையில் வைத்துத் திருப்பிப் பாருங்கள்: ஒரு பக்கம் கோபுரம், மறுபக்கம் தாமரையிலிருந்து எழும் திருமால், அவரைச் சுற்றித் தமிழிலும் தெலுங்கிலும் எழுத்து. பக்தியால் செய்ததல்ல இது. விஜயநகரக் காலம் தொட்டு வராகனில் சாமியைப் பார்த்துப் பழகிய கடைவீதி, வேறு எதையும் நம்பி வாங்காது என்று வியாபாரிகளுக்குத் தெரியும்.

அந்த வராகனுக்கு முடிவு வந்தது எப்போது? 1818 ஜனவரியில்! இனி வெள்ளி ரூபாயே சென்னை மாகாணத்தின் அடிப்படை நாணயம் என்று அரசு அறிவித்தது அப்போதுதான். அந்த ரூபாயில் ராமரும் இல்லை, திருமாலும் இல்லை. இரண்டாம் ஆலம்கீர் பெயரில் பாரசீக எழுத்து மட்டுமே. சாமி உருவம் போட்ட நாணயத்தைக் கம்பெனி கைவிட்ட அதே வருஷத்தைப் பிடித்து, அதில்தான் ராமரை அடித்தது என்கிறார்கள். ஒரு நாணய நூலைப் புரட்டியிருந்தால் இந்தப் பொய்க்கு வேறு வருஷமாவது தேடியிருப்பார்கள்.

'ஓரணா' என்று பொறித்த ராமர் காசும் உலவுகிறது. கம்பெனி செம்பில் ஓரணா அடித்ததில்லை. ஓரணா நிக்கல் கலந்த காசாக வந்தது 1907-இல். அப்போது கம்பெனியே கிடையாது. ராம டங்கா என்று கோயில் ஊர்களில் பூஜைக்கு விற்ற வில்லையில், யாரோ பிற்காலத்தில் கம்பெனி பெயரையும் ஆண்டையும் சேர்த்துவிட்டார்கள். பூஜை அறையில் வைத்துக் கும்பிட யாருக்கும் தடையில்லை. கம்பெனி நாணயம் என்று சொல்லி, வயதானவர்களிடம் சேமிப்பைப் பறிப்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

இனி லட்சக் கணக்கு. பழசாக இருந்தால் மட்டும் விலை ஏறிவிடாது. சென்னைக்காக பர்மிங்காமின் சோஹோ ஆலையில் 1808-இல் அடித்த 10 காசு, 20 காசுச் செம்பு நாணயங்கள் அசல் கம்பெனி காசுகள். சிங்கங்கள் தாங்கிய கேடயம் அத்தனை துல்லியமாக விழுந்திருக்கும். அவற்றை ஏற்றி வந்த 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கெண்ட் கரைக்கு அப்பால், குட்வின் மணல் திட்டில் மூழ்கியது. 1980-களில் முத்துக்குளிப்பவர்போல் மூழ்கி லட்சக்கணக்கில் அள்ளினார்கள். அதனால் இருநூறு வயது தாண்டியும் இன்று சேகரிக்கத் தொடங்குபவர்கூட ஒன்று வாங்கிவிடலாம். எத்தனை மிஞ்சியிருக்கிறது, எழுத்து எவ்வளவு தேயாமல் நிற்கிறது, எத்தனை பேர் தேடுகிறார்கள் என்பதைப் பார்த்துத்தான் விலை.

பழைய காசை வாங்கித் தருகிறோம், விற்றுத் தருகிறோம் என்று ரிசர்வ் வங்கி பெயரைச் சொல்லிக் கமிஷன் கேட்கிறவர்களை நம்ப வேண்டாம் என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்துவிட்டது. உங்கள் வீட்டுப் பெட்டியில் கோபுரம் போட்ட வெள்ளிக் காசு இருந்தால், முன்பணம் கேட்கிறவரிடம் போகாமல் நாணயம் படித்தவர் ஒருவரிடம் காட்டுங்கள். அதற்குமுன் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். தேய்த்தால் இருக்கிற விலையும் போய்விடும்.